கிஸ்தி மாதத்தில் ஒரு வயிற்று வலி

திருமயம்
16-2-1959, திங்கள்

நேற்று செல்லமுத்து மகனுக்குக் காதுகுத்து. ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரன் என்பதால் மூன்று பந்திக்கு நின்று பரிமாறினேன். நாலாவது பந்தியில்தான் உட்கார முடிந்தது. அதற்குள் மணி மூன்றரை. அண்டாவின் அடியில் கிடந்த கறியை "அண்ணனுக்கு, அண்ணனுக்கு" என்று வழித்து வழித்துப் போட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று பொழுது விடிவதற்குள் ஏழு தடவை கொல்லைக்குப் போய் வந்தாயிற்று.

எட்டாவது தடவை போய் வந்து சட்டையை மாட்டினேன். பிரகதாம்பாள் வாசலை மறித்து நின்றாள். "எங்க கெளம்பிட்டீங்க? போற வழியில வந்துச்சுன்னா எங்க போய் ஒக்காருவீங்க?" நியாயமான கேள்வி. தாலுகா ஆபீசுக்கு முக்கால் மைல். நடுவில் ஒரு புதர்கூடக் கிடையாது.

பதினெட்டு வருஷ சர்வீஸ். சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சமஸ்தானம் போய் மதராஸ் சர்க்கார் வந்தது. நான் ஒருநாள்கூட உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டதில்லை. மகள் அகிலாண்டம் பிறந்த அன்றுகூட மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். (அதை இவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.) லீவு லெட்டரை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். வயிற்றுப்போக்கு என்று தாசில்தாருக்கு எப்படி எழுதுவது? கடைசியில் "உதர சம்பந்தமான கோளாறு" என்று போட்டு அனுப்பினேன். நிலவரி வசூலாகும் கிஸ்தி மாதத்தில் ரெவின்யூ குமாஸ்தாவுக்கு உதரக் கோளாறு. சிரிக்கப்போகிறார்கள்.

17-2, செவ்வாய்

பதினொன்று. அதற்கு மேல் எண்ணவில்லை.

18-2, புதன்

டாக்டர் திருப்பதி வீட்டுக்கே வந்து பார்த்தார். சீதபேதியாம். இம்மாதம் 28 வரை மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆரோரூட் கஞ்சி, மோர், மாதுளை ஓட்டுக் கசாயம். புளி, காரம் கூடாது. "ஆபீஸ் கட்டு எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது" என்றார். வியாதியைவிட அதுதான் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது.

20-2, வெள்ளி

நேற்றிலிருந்து தேவலை. மூன்றே தடவை.

ஒன்று எழுத வேண்டும். என் வீட்டைப் பகல் பதினொரு மணிக்கு நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில்கூடக் கட்டும் கையுமாகக் குனிந்தேதான் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் முற்றத்து வெயில் அடுக்களை வாசல்வரைக்கும் வருகிறது. கொல்லைப் பக்கம் முருங்கையில் ஒரு அணில் குடும்பமே இருக்கிறது. அகிலாண்டத்தை ஆவணியில் தேவகோட்டைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு இவளுக்குப் பகலெல்லாம் பொழுது போகாது, பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளோ பத்து மணிக்கே சமையலை முடித்துவிட்டு, கூந்தலை இறுக்க முடிந்துகொண்டு, ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவள்போல நிற்கிறாள்.

திங்கட்கிழமை என்னை வாசலில் மறித்தவள் இன்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்: "இப்ப தேவலையா? நாளைக்கு ஆபீசு போயிருவீங்கள்ல?" பன்னிரண்டரைக்கு அடுத்த தெரு சந்தனமேரி டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் என்னைப் பார்த்ததும், "சார் இருக்காங்களா, நான் அப்பறமா வாரேங்கக்கா" என்று திரும்பி நடந்துவிட்டாள். எட்டு மாதக் கர்ப்பிணி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

என்ன நடக்கிறது என் வீட்டில்?

22-2, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

இவள் தண்ணீருக்குப் போன நேரம் வயிறு லேசாக முறுக்கியது. ஓமம் தேடி அடுக்களைக்குப் போனேன். புளிப்பானைக்குப் பின்னால் அகிலாண்டத்தின் பழைய சிலேட்டு. அதற்கடியில் பூகோளப் படப் புத்தகம். அதற்கும் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, முழுக்க இவள் கையெழுத்து. நதிகள், மலைகள், மொகலாய ராஜாக்கள், பின்னக் கணக்கு. நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு சர்க்கார் காகிதம். எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சை. தனியாக எழுதுபவர். பெயர்: பிரகதாம்பாள். கணவர் பெயர்: ஆத்மநாதன். வயது: 34. பரீட்சை ஏப்ரல் ஆறு, ஏழு, எட்டு. சென்டர் அரிமளம்.

குடத்தோடு வந்து நின்றாள். நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யார் திருடன் என்றே தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

குடத்தை இறக்கினாள். "ஒருதடவை சொன்னேன். பன்னெண்டு வருசம் ஆச்சு. அரிமளத்துல அஞ்சாவதோட நின்னுட்டேன், மேல எழுதட்டுமான்னு கேட்டேன். எங்க அண்ணன், ஒங்க சித்தப்பா எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க. இவ படிச்சுக் கலெக்டர் ஆகட்டும், நான் சமைச்சு வைக்கிறேன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் சுருக்கென்றது. இவள் பன்னிரண்டு வருஷம் சுமந்ததை நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவின கையோடு மறந்திருக்கிறேன். என்ன மனுஷன் நான்.

"இந்த வருசம் விட்டா டீச்சர் ட்ரெய்னிங்குக்கு வயசு தாண்டிடுமாம். சந்தனமேரி சொன்னா. தெனமும் மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு வந்து சொல்லிக்குடுப்பா. நீங்க படுத்ததுலேருந்து அதுவும் நின்னு போச்சு." இவள் அழவில்லை. நான்தான் ஓமத்தை விட்டுவிட்டு, மிளகு டப்பாவைத் திறந்துகொண்டு நின்றிருந்தேன்.

24-2, செவ்வாய்

டீச்சரை நானே போய்க் கூட்டி வந்தேன். அவள் ஆவூர்க்காரி. பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. "சார், அக்காவுக்கு சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் தண்ணி. தமிழ்ல என்னையவே திருத்துவாங்க. கணக்குலதான் ஆட்டம். நான் ஒண்ணாந்தேதி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே நீங்கதான் பாத்துக்கணும்."

நானா? இருபத்தெட்டாம் தேதியோடு என் லீவு முடிகிறது. கிஸ்தி மாதத்தில் காலை எட்டுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. வருகிறவனுக்குச் சாப்பிட வாய் திறக்குமே தவிரக் கணக்குச் சொல்லித்தர வராது.

27-2, வெள்ளி

வயிறு குணமாகிவிட்டது. ஒருதடவைதான், அதுவும் கட்டியாக. வேறு சமயமாக இருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பேன்.

சாதா லீவு கேட்கலாம். இந்த மாதத்தில் யாருக்கும் கிடையாது. காரணம் சொல்லிக் கேட்கலாம். பெண்டாட்டி எட்டாம் வகுப்பு எழுதுகிறாள் என்று சொன்னால் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சிரித்ததுதானே. இவளைக் கேட்டேன். "யாருக்கும் தெரிய வேணாங்க. தேறலைன்னா தெருவுல நடக்க முடியாது."

மெடிக்கல் லீவு ஒன்றுதான் வழி. பதினெட்டு வருஷத்தில் ஒரு பொய்க் கையெழுத்து நான் போட்டதில்லை. போட மாட்டேன் என்றுதான் நேற்றுவரை நினைத்தேன்.

1-3, ஞாயிறு

டாக்டரிடம் போனேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. வலது பக்கம் அமுக்கினார். "வலிக்குதா?" "வலிக்குது." இடது பக்கம். "இங்க?" "அங்கயும்தான்." தொப்புளுக்கு மேலே. அங்கேயும் வலிக்கிறது என்றேன். பயத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. முழங்காலைத் தொட்டிருந்தாலும் வலிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

"அப்ப குடல்ல இன்னும் தங்கியிருக்கு" என்று சொல்லி, ஒரு பெரிய கிளாஸ் நிறைய விளக்கெண்ணெயை ஊற்றி எதிரிலேயே நின்றார். குடித்துத்தான் தீரவேண்டியிருந்தது. மார்ச் 22 வரை சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

2-3, திங்கள்

ஒன்பது தடவை. பொய் சர்டிபிகேட் இப்போது மெய் சர்டிபிகேட் ஆகிவிட்டது. மனசாட்சிக்கு நல்ல நிம்மதி.

5-3, வியாழன்

தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் நான்கு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், அடியில் ஒரு ஓட்டை ஆறு மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டும் திறந்திருந்தால் எப்போது நிரம்பும்?

இவள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஓட்டை இருக்கறது தெரிஞ்சும் எதுக்குத் தண்ணி விடுறான்? முதல்ல துணியை வச்சு அடைக்க வேண்டியதுதானே? அந்த வீட்டுல பொம்பளையே இல்லையா?"

கணக்கு அப்படித்தான், ஓட்டையை அடைக்கக் கூடாது என்றேன். ஏன் கூடாது என்றாள். ரெவின்யூ போர்டு உத்தரவு என்று வாயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் அரைமணி நேரம் சிரித்தோம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் பகல் நேரத்தில் இவளோடு உட்கார்ந்து இப்படிச் சிரித்திருக்கிறேனா? நினைவில்லை. அப்புறம் இவள் சொம்பையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே கணக்குப் பார்த்து "பன்னெண்டு மணி" என்றாள். சரிதான். வழி எழுதச் சொன்னால்தான் வரவில்லை. விடையை முதலில் சொல்லிவிட்டு வழியைத் தேடுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

11-3, புதன்

வழி வந்துவிட்டது. பத்துக்கு எட்டு சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று கடிதம் எழுதுதல் பாடம். இது என் இடம். இப்போது ஆபீசில் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வந்த பிறகு, முதல் முதல் தமிழ் நகல் எழுதியது இந்த ஆத்மநாதன்தான். தாசில்தாரே மெச்சினார். ஆகவே அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். முதலில் எண், நாள். பிறகு பொருள். பிறகு பார்வை. உடல் பகுதியில் பத்திகளுக்கு நம்பர். முடிவில் கீழ்ப்படிதலுள்ள.

"அகிலாண்டத்துக்கு நான் இப்படியா எழுதுறேன்?" என்றாள்.

"அது வீட்டுக் காயிதம். பரீட்சை சர்க்கார் நடத்துறது. சர்க்காருக்குச் சர்க்கார் பாணியிலதான் எழுதணும்" என்றேன். ஒப்புக்கொண்டாள். அழகாகப் பிடித்துக்கொண்டாள்.

14-3, சனி

செல்லமுத்து வந்தான். வாசலில் குரல் கேட்டதும் நான் கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டேன். இவள் சிலேட்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

சவ்வரிசி வாங்கி வந்திருந்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "எங்க வீட்டுச் சோறு ஒங்களை இப்படிக் கெடத்திருச்சேண்ணே. எம் பொண்டாட்டி தெனமும் அழுகுறா." எனக்கு எப்படி இருந்திருக்கும்? நல்ல மனுஷன். அப்படியே பாயில் உட்கார்ந்தான். சடக் என்று ஒரு சத்தம்.

"என்னண்ணே சத்தம்?"

"முதுகெலும்பு" என்றேன். "படுத்துப் படுத்து இப்படித்தான் சத்தம் வருது."

உள்ளேயிருந்து இவள் சிரிப்பை அடக்கி இருமியது எனக்குக் கேட்டது. போகும்போது அவன், "அக்காவுக்கும் ஒடம்பு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனான். சிலேட்டு மூன்று துண்டு.

23-3, திங்கள்

டியூட்டியில் சேர்ந்தேன். தாசில்தார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீதபேதியில கன்னத்துல சதை வச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். மோரும் கஞ்சியும் உடம்பில் ஒட்டிவிட்டது என்றேன். இனி அதிகாலை நாலரை முதல் ஆறரை வரை கணக்கு. காப்பி நான் போடுகிறேன்.

6-4, திங்கள்

கேஷுவல் லீவு. முதல் பஸ்ஸில் அரிமளம். பள்ளிக்கூட வாசலில் பாவாடை தாவணிப் பெண்களுக்கு நடுவில் இவள் ஒருத்திதான் சேலை. ஒரு பெண், "அம்மா, யாரை விட வந்தீங்க?" என்று கேட்டது. "என்னையத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் நாள் தமிழ். அதனால் கவலையே இல்லை.

சிரித்துக்கொண்டுதான் வந்தாள். கேள்வித்தாளைக் காட்டினாள். "தேர்த் திருவிழாவுக்கு வரும்படி உன் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதுக." என்ன எழுதினாய் என்று கேட்டேன். சொன்னாள்.

பொருள்: தேர்த் திருவிழா. குழந்தைகளுடன் ஆஜராதல். கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்களது சென்ற மாதக் கடிதம்.

ஒன்று: மேற்படி தேரானது வருகிற வெள்ளிக்கிழமை காலை நிலையிலிருந்து புறப்படும். இரண்டு: தாங்கள் கணவர் சகிதம் தவறாது வந்து சேர வேண்டியது. மூன்று: தவறும் பட்சத்தில் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள அக்காள்.

அடப்பாவி ஆத்மநாதா. தங்கச்சிக்கு எழுதுற காயிதத்துல நடவடிக்கை எடுப்பாளாடா ஒருத்தி? அவ பாட்டுக்கு அகிலாண்டத்துக்கு எழுதுற மாதிரி எழுதியிருந்தா முழு மார்க்கும் வந்திருக்கும். அவளுக்குத் தண்ணி பட்ட பாடத்துல போய் நான் கையை வச்சேன். இவளைப் படிக்க விடாம சிரிச்சது ஒருதடவை. படிக்க வச்சுக் கெடுக்கறது ரெண்டாந்தடவையா? திருத்துறவன் பாத்தா என்ன நினைப்பான்? பைத்தியம்னு சைபர் போட்டுட மாட்டானா?

பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பிறகு, "தகுந்த நடவடிக்கைன்னு எழுதும்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. வீட்டுக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

7-4, செவ்வாய்

கணக்கு. தொட்டி வந்ததாம். "ஓட்டையை அடைக்காமலே போட்டுட்டேன்" என்றாள்.

8-4, புதன்

முடிந்தது. அரிமளத்தில் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் இளநீர் குடித்தோம். இவள் வழுக்கையையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

19-4, ஞாயிறு

ஆவூரிலிருந்து டீச்சர் காயிதம். பெண் குழந்தை, சுகப் பிரசவம். பதிலில் தேர்த் திருவிழா விஷயத்தை ஒளிக்காமல் எழுதினேன். இவள்தான் சொன்னாள், டீச்சரிடம் மறைக்காதீங்க என்று.

3-5, ஞாயிறு

டீச்சர் பதில் வந்தது. "சார், சிரிச்சதுல தையல் போட்ட எடம் வலிக்குது. இலக்கணப் பிழை இல்லாம இருந்தா பாதி மார்க்காவது போடுவாங்க. ஜெபம் பண்ணுறேன்." பாதி மார்க். மற்ற கேள்விகளில் குறையாமல் இருந்தால் போதும். இருக்க வேண்டும்.

21-5, வியாழன்

ஜமாபந்தி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இன்று கட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு அகிலாண்டத்துக்கு நானே ஒரு காயிதம் எழுதினேன். எண் இல்லாமல், பொருள் இல்லாமல். "அன்புள்ள பாப்பாவுக்கு" என்று ஆரம்பித்து மேலே போக ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா பரீட்சை எழுதினாள் என்று எழுதினேன். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன்.

9-6, செவ்வாய்

நாளைக்கு ரிசல்ட்டாம். அரிமளம் பள்ளிக்கூடத்தில் நம்பர் ஒட்டுவார்கள். நான் போய்ப் பார்த்து வருவதாக ஏற்பாடு. இவள் நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இந்தத் தடவை எந்த டாக்டரும் வேண்டாம்.

10-6-1959, புதன்

மேலே தேதி மட்டும்தான் அவர் எழுத்து. மற்றது நான். எழுத உட்கார்ந்தார், தேதி போட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அங்கே நின்று அழுகிறார். என்னமோ முருங்கைக்காய் பறிக்கிற மாதிரி பாவனை.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். சரி, பரவாயில்லை, சோத்தைப் போடுவோம் என்று இலையை எடுத்தேன். பின்னாலேயே வந்து இலையை என் கையிலிருந்து வாங்கி என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் தெளித்தார். அவரே சோறு போட்டார். குழம்பை ஊற்றும்போதுதான் வாய் வந்தது. "நம்பர் இருக்கு" என்றார். "நாலு தடவை பார்த்தேன். பக்கத்துல நின்ன ஆளையும் பாக்கச் சொன்னேன். அவரும் இருக்குன்னாரு."

ஆகவே இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். பிரகதாம்பாள் ஆகிய நான் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டேன். ட்ரெய்னிங் பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கு மனு அனுப்ப வேண்டும். அதை அவர் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கொல்லைக்குப் போனார். வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன்.